ஸ்லீவா, ஷெல்லா? நெடுந்தூர மலை சைக்கிள் பயணத்துக்கு முட்டிக் காப்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு மலை பக்கத்தில் இல்லை. சி.டி.எச். சாலையில் பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று போக வேண்டும். அங்கிருந்து பூண்டி நீர்த்தேக்கத்தைத் தொட்டு, ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால்தான் நாகலாபுரம் மலையடிவாரம் வரும். செங்குன்றம், பெரியபாளையம் வழியாகப் போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. டயர் மண்ணைத் தொடுவதற்கு முன்பே மணிக்கணக்கில் தாரில் மிதித்தாக வேண்டும். மண் பாதையை முடித்த பிறகு, அதே தாரில் ஏறுவெயிலில் திரும்ப வேண்டும்.

இந்தப் பகுதிக்கு சைக்கிள் புதிதல்ல. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கூட்டு சேர்ந்து முருகப்பா குழுமம் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வேரூன்றியது அம்பத்தூரில்தான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் இங்கிருந்துதான் நாடெங்கும் போயின. அப்பா ஷிப்டுக்கு ஓட்டிப்போன தெருவில் இன்று பிள்ளை டிஸ்க் பிரேக்கும் சஸ்பென்ஷனும் உள்ள வண்டியில் போகிறார். ஹெல்மெட் வாங்கும் பழக்கமும் ஓரளவு வந்துவிட்டது. முட்டியைப் பற்றிய யோசனை மட்டும் இன்னும் பின்தங்கியே இருக்கிறது.

யோசிக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள்: எது அதிகம் காக்கும்? அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் இருப்பதிலேயே தடித்ததை எடுத்து வைப்பார். வாங்கியவர் திருவள்ளூர் தாண்டுவதற்குள் அதைக் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொள்வார். சைக்கிள் சறுக்கும் நேரத்தில் முட்டியில் இல்லாத காப்பு, எந்தத் தரச்சான்று பெற்றிருந்தாலும் வீண். நெடும்பயணத்தில் சுகமும் பாதுகாப்பின் ஒரு பகுதி. அந்தக் கணக்கில்தான் சந்தையில் இருக்கும் இரண்டு வகைகளையும் இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு வகை, இரண்டு பிறப்பு

முதல் வகை ஷெல். முட்டிக்கு முன்னால் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே மெத்தென்ற நுரை, தொடையையும் கெண்டைக்காலையும் சுற்றிப் பிடிக்க வெல்க்ரோ பட்டைகள். பல மாடல்களில் ஓடு முட்டியோடு நிற்காமல் முன்காலையும் மூடிக் கீழே இறங்கும். மடங்குவதற்கு வசதியாக இரண்டு மூன்று துண்டுகளாகக் கோத்திருப்பார்கள். பைக்கில் லடாக் போகிறவர்கள் ஜீன்ஸுக்கு மேலே மாட்டிக்கொள்வது இதைத்தான். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் ‘நீ கார்டு’ என்று கேட்டால் முதலில் வெளியே வருவதும் இதுதான்.

இரண்டாவது ஸ்லீவ். பாதத்தின் வழியாக இழுத்து ஏற்றும் எலாஸ்டிக் துணி உறை அது. முட்டிக்கு நேரே மட்டும் வளையக்கூடிய ஒரு திண்டு இருக்கும். அந்தத் திண்டு சாதாரண நுரை கிடையாது. டி3ஓ, சாஸ்-டெக், போக் நிறுவனத்தின் வி.பி.டி. என்று பல பெயர்களில் வரும் தனி வகைப் பாலிமர். கையில் எடுத்து அழுத்தினால் களிமண்ணாக இளகும். வேகமாக அடி விழுந்தால் இறுகிவிடும்.

இரண்டும் இரண்டு விதமான ஓட்டத்துக்குப் பிறந்தவை. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டி மலைச்சரிவுகளில் தொடங்கிய மலை சைக்கிள் ஆட்டம், 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் உலக சாம்பியன்ஷிப் போட்டியாக வளர்ந்தது. அதில் மலை உச்சியிலிருந்து நேரே கீழே பாயும் டவுன்ஹில் பிரிவினர், மோட்டோகிராஸ் பைக் வீரர்களின் ஷெல் கார்டுகளைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அவர்களின் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். திரும்ப மேலே போக லிஃப்டோ வேனோ இருக்கும். காப்பு கனக்கிறதா, காலை உரசுகிறதா என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை.

ஸ்லீவுக்குள் இருக்கும் பொருளின் கதை பிறகு வந்தது. டி3ஓவை 1999இல் பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் பால்மர் உருவாக்கினார். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடா பனிச்சறுக்கு வீரர்களின் உடையில் அது இடம்பெற்றபோது உலகம் கவனித்தது. 2013இல் எண்டுரோ உலகத் தொடர் தொடங்கியது. அந்தப் போட்டியில் இறக்கத்துக்குத்தான் நேரக் கணக்கு. ஆனால் அடுத்த இறக்கத்துக்குப் போய்ச் சேர ஏற்றங்களை வீரரே பெரும்பாலும் மிதித்துக் கடக்க வேண்டும். நாள் முழுக்கக் காலில் கிடக்கக்கூடிய காப்புக்குத் தேவை வந்தது அப்படித்தான்.

ஆவடியிலிருந்து கிளம்புகிறவரின் நாளும் இந்த இரண்டாவது வகைதான். தார், மண், ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் சொந்தக் காலால் மிதித்துக் கடக்கிறார். ஆனாலும் பிறப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒவ்வொரு அம்சமாகப் பார்த்துவிடலாம்.

அடியைத் தாங்குவதில்

இந்தக் காப்புகளுக்குப் பொதுவாகக் காட்டப்படும் சான்று இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தரம். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. சைக்கிள் காப்பு செய்கிறவர்களும் அதையே எடுத்தாள்கிறார்கள். 5 கிலோ எடையை, ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வரும் வேகத்தோடு, அதாவது 50 ஜூல் ஆற்றலோடு, காப்பின் மேல் விடுவார்கள். காப்பைக் கடந்து அடியில் எவ்வளவு விசை இறங்குகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. சராசரி 20 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 2. லெவல் எண் கூடினால் காப்பும் கூடுகிறது என்று பொருள்.

ஸ்லீவ் மெல்லியதாக இருப்பதால் காப்பும் குறைவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இந்தச் சோதனையில் நிற்காது. லெவல் 1 மட்டுமல்ல, லெவல் 2 பெற்ற ஸ்லீவ்களும் உண்டு. மறுபக்கம், வண்டி உதிரிபாகக் கடைகளில் முட்டிக்கும் முழங்கைக்கும் சேர்த்து நான்கு துண்டு செட்டாகக் குறைந்த விலையில் கிடைக்கும் ஷெல்களில் பலவற்றில் எந்தச் சான்றும் அச்சிடப்பட்டிருக்காது. பார்வைக்குக் கெட்டியாக இருப்பது சோதனையில் தேறியதற்கு அத்தாட்சி ஆகாது.

ஸ்லீவின் திண்டு வேலை செய்யும் விதத்தை அடுப்படியிலேயே பார்க்கலாம். சோள மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். ஓங்கித் தட்டினால் தரையைத் தட்டியதுபோல் நிற்கும். மிதிக்கும்போது முட்டி மடங்குவது மெதுவான அசைவு என்பதால் திண்டு கூடவே வளைகிறது. விழும்போது வருவது சட்டென்ற அடி என்பதால் இறுகி விசையைப் பரப்புகிறது.

இனி ஷெல்லின் பக்கத்துக்கு வருவோம். கூர்மையான கல்லின் முனை ஒரே புள்ளியில் குத்தும்போது, கெட்டியான ஓடு அந்த விசையைத் தன் முழுப் பரப்பிலும் பரப்பிவிடுகிறது. மெல்லிய திண்டால் அந்த அளவுக்கு முடியாது. விழுந்தவர் தரையில் இழுபட்டுப் போகும்போது, பிளாஸ்டிக் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். துணி தரையைப் பிடித்துக்கொள்ளும், கிழியும், சில சமயம் மேலேயோ கீழேயோ உருண்டு முட்டியைத் திறந்துவிடும். கல் உடைத்த சரிவுகளிலும், பாறை துருத்தி நிற்கும் இறக்கங்களிலும் ஷெல்லுக்கே முதலிடம்.

ஆனால் நம் பக்கத்தில் விழுவது பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. பூண்டியைச் சுற்றியும் ஊத்துக்கோட்டை வழியிலும் கிடைப்பது கெட்டித் தரையின் மேல் உதிரியாகக் கிடக்கும் செம்மண் கிராவல். திருப்பத்தில் முன்சக்கரம் பொசுக்கென்று வழுக்கும். ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவதை விடப் பக்கவாட்டில் சாய்வதே அதிகம். முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கையும் முட்டியின் வெளிப்புறமும்தான். வேகம் குறைவு, சிராய்ப்பு அதிகம். முட்டி பேந்து, கிராவல் பொடி சதைக்குள் ஏறி, ஒரு வாரம் மாடிப்படி ஏற முடியாமல் போகும் காயம் இது. இதற்குத் தேவை முன்பக்கத் திண்டோடு பக்கவாட்டிலும் கொஞ்சம் நுரை, முகப்பில் எளிதில் தேயாத துணி. நல்ல ஸ்லீவ்களில் கெவ்லர் போன்ற உறுதியான இழை நெய்த முகப்பு வருகிறது. அது இல்லாத மெல்லிய துணி ஸ்லீவ், இங்கே ஒருமுறை விழுந்தாலே ஓட்டையாகிவிடும்.

அடி தாங்குவதில் ஷெல் முந்துகிறது. ஆனால் நம் மண்ணில் விழும் விதத்துக்கு, முகப்பு உறுதியான ஸ்லீவ் போதும் என்பதே இந்த அம்சத்தின் முடிவு.

ஒரு எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. முட்டி திருகி உள்ளே இருக்கும் தசைநார் கிழிவதை ஸ்லீவாலும் தடுக்க முடியாது, ஷெல்லாலும் தடுக்க முடியாது. அதற்குக் கீல் வைத்த மருத்துவ பிரேஸ்தான் வேண்டும். அது வேறு பொருள், வேறு விலை. அதேபோல், மருந்துக் கடையில் கிடைக்கும் ‘நீ கேப்’ மூட்டுக்கு இதமான அழுத்தம் தருவதற்கானது. அடியைத் தாங்க அதில் ஒன்றுமே இல்லை. வாலிபால் ஆடுகிறவர்கள் மாட்டும் நுரைப் பட்டை மரத்தளத்துக்கும் சமதரைக்கும் ஆனது. இந்த மூன்றையும் ஒன்றென்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

மிதிப்பதில்

நெடும்பயணத்தின் உண்மையான பரீட்சை இதுதான். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒவ்வொரு முட்டியும் மணிக்கு 4,800 முறை மடங்கி நிமிர்கிறது. மிதியிலேயே 6 மணி நேரம் கழிந்தால் 28,800 முறை. பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். மேலே வரும்போது செங்கோணத்தையும் தாண்டி மடங்கும். அந்த மடிப்பின் உட்புறம், முட்டியின் பின்குழியில், தோல் மெல்லியது. அங்கே ஒரு தையல் முண்டோ பட்டையின் ஓரமோ இருந்தால், அது அத்தனை ஆயிரம் முறையும் ஒரே இடத்தை உரசும். கிளம்பும்போது தெரியவே தெரியாத ஒரு நூல் முடிச்சு, திரும்பும் வழியில் நெருப்பாக எரியும்.

ஷெல்லின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. ஓடு வளையாது, காலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஆடாமல் இருக்கப் பட்டையை இறுக்குவோம். முட்டிக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே விரலை வைத்துத் தடவினால் குமிழாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, பாதத்துக்குப் போகும் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. ஷெல்லின் கீழ்ப்பட்டை பல நேரம் சரியாக அந்த இடத்தில் உட்காரும். இறுக்கிக் கட்டி மணிக்கணக்கில் மிதித்தால் பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகும், விரல்கள் கூசும். ஷூவின் மேல் பழியைப் போட்டு லேஸைத் தளர்த்துகிறவர்கள், ஒருமுறை முட்டிப் பட்டையைத் தளர்த்திப் பார்க்க வேண்டும்.

தளர்த்தினால் காப்பு சுழலும். முட்டிக்கு முன்னால் இருக்க வேண்டிய ஓடு, உள்பக்கமாகத் திரும்பி எதிர்க்காலையும் சைக்கிளின் மேல் குழாயையும் தட்டும். விழும் நேரத்தில் அந்த ஓடு முட்டிக்கு நேரே இருக்குமா என்பதும் சந்தேகம். இறுக்கினால் நரம்பு, தளர்த்தினால் சுழற்சி. நாள் முழுக்க ஷெல் போட்டு மிதிக்கிறவர் இந்த இரண்டுக்கும் நடுவே தவிக்கிறார்.

ஸ்லீவ் அழுத்தத்தை ஒரே பட்டையில் குவிக்காமல் காலின் முழு நீளத்திலும் பரப்புகிறது. நல்ல வடிவத்தில் உறை நேராக இல்லாமல், லேசாக மடங்கிய முட்டியின் வளைவிலேயே தைக்கப்பட்டிருக்கும். அதனால் நடக்கும்போது கொஞ்சம் புடைத்துத் தெரியும். சீட்டில் உட்கார்ந்ததும் சரியாகப் படியும். ஸ்லீவின் குறை வேறு விதம். தொடைப் பக்கத்து எலாஸ்டிக் தளர்ந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். தொடையின் மேல்விளிம்பில் உள்புறமாக ஒட்டிய சிலிகோன் பட்டை அதைத் தடுக்கும். தொடையில் மட்டும் ஒரு வெல்க்ரோ பட்டை சேர்த்த ஸ்லீவ் அதைவிட நம்பகமானது. தொடை சதைப்பிடிப்பான இடம். அங்கே இறுக்கினால் கீழ்ப்பட்டையால் வருகிற மரப்பு வராது.

மிதிப்பதில் ஸ்லீவின் வெற்றி தெளிவானது.

வெயிலில்

ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதப்படும் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் நம்முடைய வெயில். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அவ்வளவு போகாவிட்டாலும், கோடையில் 40ஐத் தொடுவது இங்கே வழக்கம்தான். கடற்காற்று மெரினாவுக்கு வந்த பிறகு வெகுநேரம் கழித்துத்தான் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் வந்து சேரும். விடியற்காலையில் வெப்பம் குறைவுதான், ஆனால் காற்றில் ஈரம் கூடுதல், வியர்வை காயாது. முற்பகலில் ஈரம் குறையும்போது வெயில் ஏறிவிடும்.

காற்று புகுவதில் ஷெல்லுக்கு ஒரு அனுகூலம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டைகளுக்கு நடுவே காலின் பின்புறம் முழுக்கத் திறந்திருக்கும். ஓட்டுக்கும் முட்டிக்கும் இடையே மட்டும் நுரை நனைந்து ஊறும். நியோப்ரீன் துணியில் செய்த ஸ்லீவ் இதற்கு நேர் எதிர். அது ரப்பர் நுரை. வியர்வை ஆவியாகி வெளியேற வழி கிடையாது. குளிர் நாட்டில் அது காலுக்கு இதம். இங்கே கொஞ்ச நேரத்திலேயே வியர்வை கெண்டைக்கால் வழியாக இறங்கி ஷூவை நனைக்கும். கழற்றிப் பார்த்தால் சிலிகோன் பட்டை இருந்த இடத்தில் சிவந்த வளையம், அதைச் சுற்றி வேர்க்குரு.

ஆகவே ஸ்லீவ் வாங்குகிறவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். முட்டியின் பின்குழி முழுவதும் மெஷ் துணியாகவோ, துணியே இல்லாமல் திறந்ததாகவோ இருக்க வேண்டும். திண்டிலும் துளைகள் இருந்தால் இன்னும் நல்லது. இப்படிப்பட்ட ஸ்லீவ், வெயிலில் ஷெல்லுக்கு இணையாக நிற்கும். நியோப்ரீன் ஸ்லீவ் தோற்றுவிடும். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அங்கே காலைக் குளிரில் மூடிய ஸ்லீவே சுகம்.

வெப்பத்தால் இன்னொரு விளைவும் உண்டு. ஸ்லீவின் திண்டு சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். இளகிய திண்டு அடியின் விசையைக் கூடுதலாக உள்ளே விடும். இ.என். 1621-1 தரத்தில் 40 டிகிரியில் சோதிக்கும் கூடுதல் பரிசோதனை ஒன்று இருக்கிறது. கட்டாயமில்லை, தயாரிப்பாளர் விரும்பினால் செய்துகொள்ளலாம். தேறிய திண்டில் ஆங்கில ‘டி’ (T) எழுத்தும் கூட்டல் குறியும் அச்சிடப்பட்டிருக்கும். நம் ஊருக்கு லெவல் எண்ணுக்கு அடுத்தபடியாகத் தேட வேண்டிய குறி அதுதான். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் ஸ்லீவைப் போட்டு வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஷெல்லின் பிளாஸ்டிக்குக்கு இந்தக் கவலை குறைவு.

மாட்டுவதில், கழற்றுவதில், சுமப்பதில்

இந்த அம்சம் சந்தை விளம்பரங்களில் வராது. நம் பாதைகளுக்கோ மிக முக்கியம். ஆவடியிலிருந்து மலையடிவாரம் வரை தார்ச்சாலை என்றால், அதுவரை காப்பு பையில் இருக்கலாம். மண் தொடங்கும் இடத்தில் மாட்டிக்கொண்டால் போதும். அப்படிச் செய்ய ஷெல் மிகவும் எளிது. ஷூவைக் கழற்ற வேண்டாம், பட்டையைச் சுற்றி ஒட்டினால் முடிந்தது. ஸ்லீவுக்கு ஷூவைக் கழற்றி, வியர்த்த காலில் துணியை இழுத்து ஏற்ற வேண்டும். ரோட்டோரத்தில் சீமைக்கருவேல முள் இறைந்து கிடக்கும் இடத்தில் ஒற்றைக்காலில் நின்று இதைச் செய்வது சிரமம்.

சுமப்பதில் நிலைமை மாறுகிறது. ஸ்லீவைச் சுருட்டி ஜெர்சியின் பின்பாக்கெட்டில்கூடத் திணித்துவிடலாம். ஷெல் எந்தப் பைக்கும் அடங்காது. பையில் தொங்கவிட்டால் ஆடிக்கொண்டே வரும். முன்காலையும் மூடும் ஷெல், எடையிலும் ஸ்லீவைவிடக் கணிசமாகக் கூடுதல்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் இருக்கிறது. பக்கவாட்டில் முழு நீளத்துக்கு ஜிப்போ வெல்க்ரோவோ வைத்துத் திறந்து மூடும் ஸ்லீவ்கள் சில நிறுவனங்களில் கிடைக்கின்றன. ஷூவைக் கழற்றாமல் மாட்டலாம். ஜிப்பின் மேல்முனை தொடையை உரசாமல் உள்ளே துணி மடிப்பு வைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாரும் மண்ணும் மாறி மாறி வரும் நம் பயணத்துக்கு இது பொருத்தமான வடிவம்.

துவைப்பதில், உழைப்பதில்

வியர்வையின் உப்பு காய்ந்தால் துணி மொறமொறப்பாகும். மறுமுறை அதுவே தோலை அறுக்கும். வீடு திரும்பிய அன்றே அலசிவிட வேண்டும். ஸ்லீவின் திண்டு கழற்றக்கூடியதாக இருந்தால் வெளியே எடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். திண்டு உள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருந்தால் காய இரண்டு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதற்கும் மேலே. அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டினால் படர்தாமரை வரக் காத்திருக்கும்.

ஷெல்லின் ஓட்டை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் அதன் உள்நுரையும் பட்டைகளும் வியர்வையைக் குடித்து நாறும். பல மாடல்களில் அவற்றைத் தனியே கழற்ற முடியாது. இரண்டிலும் வெல்க்ரோவை மூடிவிட்டுத்தான் துவைக்க வேண்டும். திறந்து கிடக்கும் கொக்கி முனை, கூடச் சேரும் துணிகளையெல்லாம் பிய்த்துவிடும்.

ஆயுளில் ஷெல் மேல். ஸ்லீவின் எலாஸ்டிக் நாளாக ஆகத் தளரும், மெஷ் முள்ளில் மாட்டிக் கிழியும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும் ஷெல்லே சிக்கனம். பட்டையைத் தளர்த்தினால் அடுத்த ஆண்டும் பொருந்தும். ஸ்லீவ் அளவுக்கு அளவு புதிதாக வாங்க வேண்டியது. விலையும் ஸ்லீவுக்குத்தான் கூடுதல். சான்று பெற்ற திண்டு பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு.

வாங்கும்போது

எந்த வகையாக இருந்தாலும் சட்டை அளவை வைத்து முட்டிக் காப்பு வாங்கக் கூடாது. தையல்காரரின் டேப்பை எடுத்துக்கொண்டு, முட்டிச் சில்லின் நடுவிலிருந்து மேலே தொடையின் சுற்றளவையும், கீழே கெண்டைக்காலின் சுற்றளவையும் எடுக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் தள்ளி அளப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவர்கள் அட்டவணையில் சொல்லியிருக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரியது. பெரியதன் அளவே கணக்கு.

கடையில் மாட்டிப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். மாட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் அங்கேயே நடக்கலாம். முழுதாகக் குந்தி எழுந்து பார்க்கலாம்; பின்குழியில் துணி மடிந்து கட்டியாகச் சேருகிறதா என்று கை விட்டுத் தடவலாம். முடிந்தால் ஒரு சைக்கிளில் ஏறிப் பின்னோக்கி மிதித்துப் பார்க்கலாம். கழற்றிய பிறகு தோலில் பதிந்த தடம் எங்கெங்கே ஆழமாக இருக்கிறது என்று பார்த்தால், நாள் முழுவதும் எங்கே வலிக்கும் என்பது தெரிந்துவிடும். விழுவதுபோல் உள்ளங்கையால் காப்பின் ஓரத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அப்போதே இடம் மாறினால் விழும்போது கண்டிப்பாக மாறும்.

லேபிளில் தேட வேண்டியது இ.என். 1621-1 என்ற எண், முட்டியைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ‘கே’, லெவல் எண், முன்பு சொன்ன வெப்பக் குறி. வெறும் ‘சி.இ.’ முத்திரை மட்டும் இருந்தால், எந்தத் தரத்துக்கு என்று கேளுங்கள்.

முட்டி வலிக்காக இதை வாங்க நினைப்பவர்கள் முதலில் சீட்டின் உயரத்தைப் பார்க்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி தேவைக்கு மேல் மடங்கி, முன்பக்கம் வலிக்கும். எந்தக் காப்பும் அதைச் சரிசெய்யாது. சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றினால் காப்பின் உரசலும் குறையும்.

தீர்ப்பு

அடி தாங்குவதிலும் ஆயுளிலும் விலையிலும் ஷெல் முன்னே நிற்கிறது. மிதிப்பதிலும் சுமப்பதிலும் ஸ்லீவ் முன்னே. வெயிலில், சரியான துணியாக இருந்தால் இரண்டும் சமம். மாட்டிக் கழற்றுவதில் ஷெல் எளிது. ஜிப் வைத்த ஸ்லீவ் அந்த இடைவெளியை மூடிவிடுகிறது.

இந்த அம்சங்களில் எதற்கு எடை அதிகம் என்பதைப் பாதைதான் சொல்ல வேண்டும். வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், ஜவ்வாது மலையிலோ ஏற்காட்டிலோ கற்பாதையில் இறங்கப் போகிறவர், குதிக்கப் பழகும் இளைஞர், அதே காப்பை மோட்டார் சைக்கிளுக்கும் மாட்ட நினைப்பவர் ஆகியோருக்கு ஷெல்லையே சொல்வேன். சான்று உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வீட்டு வாசலிலேயே மிதிக்கத் தொடங்கி, இருட்டில் போய் வெயிலில் திரும்புகிறவருக்கு ஸ்லீவ்தான். லெவல் 1 கட்டாயம், லெவல் 2 கிடைத்தால் மேல். பின்புறம் மெஷ், முகப்பு தேயாத துணி, தொடையில் ஒரு பட்டை, முடிந்தால் பக்கவாட்டில் ஜிப். நியோப்ரீன் வேண்டாம். இவ்வளவும் ஒரே காப்பில் கிடைக்காவிட்டால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது ஜிப். கடைசி வரை விட்டுக்கொடுக்கக் கூடாதது பின்புற மெஷ். ஏனென்றால் வெயிலில் கழற்றத் தூண்டாத காப்புதான் கிராவலில் சறுக்கும் நேரத்தில் முட்டியில் இருக்கும்.